காரணம்: புயல்

லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் காய்ச்சல் என்றுதான் எழுதுவோம். எங்கள் கந்தோருக்கு அந்தக் காலத்தில் வந்த காய்ச்சலுக்கு ஒருவரும் உயிரோடு மிஞ்சியிருக்கக் கூடாது. நல்லூர்த் தேருக்குப் போனாலும் காய்ச்சல், பெறாமகளின் சாமத்தியச் சடங்குக்குப் போனாலும் காய்ச்சல். அவர் மட்டும் ஒருமுறை, "மனைவியுடன் மனத்தாங்கல், வீட்டில் இருந்து பேசித் தீர்க்க வேண்டியுள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். செயலாளர் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவருடைய மேசைக்கு வந்து, இதை எப்படி ஃபைலில் போடுவது என்று கேட்டார். நடந்தது அதுதானே என்றார் இவர். லீவு கிடைக்கவில்லை. அன்று முழுக்கக் கந்தோரில் இருந்தார், மனத்தாங்கலும் தீரவில்லை என்று அடுத்தநாள் அவரே சொன்னார்.

எங்கள் சபையின் வரிப் பரிசோதகர் அவர். கந்தோரில் ஆதனவரி என்போம், ஊரில் சோலைவரி. வீடு வீடாகப் போய் அளந்து, இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு என்ன பெறும் என்று மதிப்பது அவர் வேலை. அந்த மதிப்பில் இத்தனை வீதம் வரி என்று அறிவித்தல் எழுதி அனுப்புவது என் வேலை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து கப்பலில் வந்தவர்களால் ஊர் நிறைந்திருந்த நேரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு சபையின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. பட்டின சபை என்றார்கள், உப அலுவலகம் என்றார்கள், பிரதேச சபை என்றார்கள். தேர்தல் இல்லை, உறுப்பினர் இல்லை. ஒரு செயலாளரும் நாங்கள் நாலைந்து பேரும் பழைய கட்டடத்தில் இருந்துகொண்டு, இருக்கிறது என்று நம்பிய ஒரு அரசாங்கத்துக்கு வேலை செய்தோம்.

ஆள் மெலிவு. தோல் உறைக்குள் சுருட்டி வைத்த அளவு நாடாவும், சைக்கிள் கரியரில் ஒரு சோடாப் போத்தல் தண்ணீரும் எப்போதும் இருக்கும். அளக்கப் போகிற வீட்டில் தேத்தண்ணி குடிக்க மாட்டார் என்பது எங்களுக்கு விளங்கும். பச்சைத்தண்ணிகூட வாங்க மாட்டார் என்பதுதான் சனங்களுக்குப் பொறுக்காது. வீட்டுக்கு வந்த மனிசன் தண்ணிகூடக் குடிக்காமல் போகிறானே, சாதி பார்க்கிறானோ என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள். இவர் கோபிக்கவில்லை. "உங்கடை தண்ணியைக் குடிச்சால் கிணறு நல்ல கிணறு எண்டு எழுத மனம் வரும் அம்மா" என்றாராம்.

எனக்கு அவரில் ஒரு கோபம் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பகுதி வீட்டைப் பார்க்க வருமுன் சபைக் கந்தோருக்கு வந்து, வரி என்ன, மதிப்பு என்ன என்று நைசாக விசாரித்துப் போவது வழக்கம். எனக்கு நீர்வேலியில் ஒரு இடம் பொருந்தி வந்தது. வாழைத்தோட்டக்காரர், மாப்பிள்ளை வாத்தியார். மாப்பிள்ளையின் மாமன் வந்து இவரிடம் என் வீட்டைப் பற்றிக் கேட்டார். பக்கத்து மேசையில் இருக்கிற பெட்டைதான் பெண் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். வீடு நல்ல வீடு, ஆனால் குசினிப் பக்கத்து அத்திவாரம் இறங்கியிருக்கிறது, கிணறும் கோடைக்கு வற்றும் என்றார், என் காதுபடவே. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அம்மா மண் அள்ளித் தூற்றாத குறை. நான் அவரோடு கதைக்காமல் இருந்தேன். பிறகு ஒருநாள் அவரே, "அவை கேட்டவை பிள்ளை. கிணறு வத்துறது உண்மைதானே" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. அடுத்த பங்குனியில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே அள்ளினேன். எங்கள் கிணறு வற்றித்தான் இருந்தது.

இப்படிப்பட்ட ஆளிடம் எங்கள் சபை புயல் என்று எழுதச் சொன்னது.

இடிந்துபோன வீட்டை வரியிலிருந்து நீக்குவதற்கு ஒரு படிவம் உண்டு. அதிலும் காரணம் என்று ஒரு இடம். தீ, புயல், பழமை என்று மூன்று காரணங்களைத்தான் சட்டம் ஏற்கும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல காலத்தில் இருந்து எழுதியிருக்கிறார்கள். எண்பத்தாறு வாக்கில் ஆமி முகாமிலிருந்து எங்கள் பக்கம் ஷெல் வந்து விழத் தொடங்கியது. ஷெல் என்று எழுதி அனுப்பிய முதல் படிவம் திரும்பி வந்தது. பொலிஸ் அறிக்கை இணைக்கச் சொன்னார்கள். பொலிஸ் ஸ்டேசன் வளவில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அயலில் இருந்த சபைகள் ஒரு வழி கண்டுபிடித்தன. எல்லாவற்றையும் புயல் என்று எழுதின. புயலுக்குப் பொலிஸ் தேவையில்லை, ஆர் அடித்தது என்ற கேள்வியும் இல்லை. ஆமி வந்து கந்தோரைச் சோதித்தாலும் புயல் என்றால் ஒன்றும் செய்யமாட்டான். பிறகு இந்திய ஆமி வந்தது, அவர்களுக்கும் அதே புயல். அவர்களுக்குப் பிறகு ஊரை வைத்திருந்த இயக்கத்துக்கும் புயலில் ஆட்சேபம் இருக்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்கக் கடதாசியில் ஓயாமல் புயல் அடித்தது.

எங்கள் சபையில் மட்டும் அடிக்கவில்லை. பரிசோதகர் கையெழுத்து இல்லாமல் செயலாளரால் ஒரு வீட்டையும் நீக்க முடியாது. இவர் நேரே போய்ப் பார்ப்பார், வந்து ஷெல் என்று எழுதுவார், அது திரும்பி வரும். இளம் வயதில் உண்மையான புயல் ஒன்றுக்குப் பிறகு சேதம் எழுதப் போன ஆள் அவர். "புயல் கூரையைத் தூக்கும். சுவரிலை ஓட்டை போடாது" என்று செயலாளரிடம் விளக்கினார். செயலாளர் கெட்டவர் இல்லை, பாவம், சனங்களுக்கு உதவத்தான் பார்த்தார். அது எனக்கும் தெரியும் அண்ணை, ஆனால் கடதாசி கேட்கிறதைத்தானே கொடுக்கவேணும் என்றார். இவர் அசையவில்லை. வேறு பரிசோதகரை அனுப்பச் சொல்லிக் கேட்டால், ஷெல் விழுகிற ஊருக்கு ஆர் மாற்றலாகி வருவான். ஆகவே இடிந்த வீடுகளுக்கும் நான் வருடாவருடம் அறிவித்தல் எழுதினேன். வாங்க ஆளில்லாமல் அவை தபாலில் திரும்பி வந்தன.

சட்டத்தை மாற்றவேண்டும் என்றார் அவர். ஒரே ஒரு வரி, "போரினால்" என்று நாலாவதாக ஒரு காரணம். அதோடு நின்றிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். ஆனால் மதிப்பைத் திருத்துவது என்று வந்துவிட்டால் இவருக்கு அரைகுறை பிடிக்காது. வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடி வீடுகள், முன்னே நின்ற மண் வீட்டுக்குப் போட்ட வரியையே கட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் மதிப்பைக் கூட்டவேண்டும், இடிந்தவற்றை நீக்கவேண்டும், இரண்டும் ஒரே யோசனையாகப் போகவேண்டும் என்று எழுதி வைத்தார்.

செயலாளர் வாசிகசாலையில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். உறுப்பினர் இல்லாத சபைக்கு அதுதான் சபை. குறிப்பு எடுக்க நான் போனேன். முன்வரிசையில் இருந்த முதலாளிக்கு ஜேர்மனியில் இரண்டு மகன்மார், சந்தியில் மாடி வீடு. சனம் பதுங்கு குழிக்குள் கிடக்கிற காலத்தில் வரி கூட்டுகிற சபை உலகத்தில் எங்கேயாவது உண்டோ என்று அவர் எழுந்து கேட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், இப்போது வரியைப் பற்றிக் கதைப்பதே அழகில்லை, பிரச்சினை தீரட்டும் என்றார். இடிந்த வீட்டுக்காரரும் சேர்ந்துதான் தலையாட்டினார்கள். கூட்டுவதை விட்டுவிட்டு நீக்குவதை மட்டும் வைப்போமா என்று செயலாளர் இவரிடம் காதோடு கேட்டார். "மதிப்பு எண்டால் ஏறினதும் இறங்கினதும் சேர்த்துத்தான்" என்றார் இவர். இரண்டும் சேர்ந்து விழுந்தன. அன்று வந்த ஆத்திரத்தில் அவருடைய சைக்கிள் காற்றைத் திறந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

தன் பெயரிலேயே கொழும்புக்கும் எழுதினார். தொண்ணூறுக்குப் பிறகு பாதை பூட்டு, கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரவேண்டும். மறந்துபோன ஒரு நாளில் பதில் வந்தது. சட்டத்தில் காணப்படும் காரணங்களில் பொருத்தமானதைத் தெரிவு செய்யவும் என்று இருந்தது. அவர் அதை வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். வெளியே போய்ச் சோடாப் போத்தலில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு வந்தார்.

மில்லுக்கார அக்காவின் கதையைச் சொன்னால்தான் இதெல்லாம் விளையாட்டில்லை என்று விளங்கும்.

புருசன் இல்லாத மனிசி. வீட்டு வளவின் முன்பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு மா அரைக்கிற மில் நடத்தினா. ஒடியல்மா, அரிசிமா, தூள், எங்கள் பக்கத்துச் சனம் எல்லாம் அங்கேதான். கரண்ட் நின்ற பிறகு மில் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடியது. ஒருநாள் காலையில் ஷெல் விழுந்து பின்பக்கத்துக் கல்வீடு முழுக்கப் போய்விட்டது. மில் கொட்டில் தப்பியது, அவவும் மகளும் கொட்டிலில் நின்றபடியால் தப்பினார்கள். அதிலேயே படுத்து எழும்பி மில்லை ஓட்டினார்கள்.

அரசாங்கத்தின் தடை இருந்தபடியால் மண்ணெண்ணெய் சங்கக்கடையில் பங்கீட்டு மட்டையோடுதான். மில்லுக்கு மட்டை வேண்டுமென்றால் சபையின் தொழில் அனுமதிப்பத்திரம் வேண்டும். சோலைவரி பாக்கி இருந்தால் அனுமதிப்பத்திரம் கிடையாது. இல்லாத கல்வீட்டுக்கு வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்த வரியைக் கட்ட அவவிடம் வழியில்லை. அந்த வீட்டை நீக்கிவிட்டால் பாக்கியும் போய்விடும், எஞ்சினும் ஓடும். புயல் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அவ வந்து இவருடைய மேசைக்கு முன்னால் நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது. உடுப்பில் மா ஒட்டியிருந்தது.

"புயலெண்டு எழுதுங்கோ அண்ணை. எனக்கு அதிலை ஒண்டும் இல்லை."

"புயலெண்டு நீங்கள் கையெழுத்து வைச்சால், நாளைக்கு நட்டஈடு தருவினமெண்டு வந்தால் என்னத்தைக் காட்டுவியள்? வீட்டை ஷெல்தான் உடைச்சது எண்டு சொல்ல இந்த ஒரு தாள்தான் இருக்கு."

"நாளைக்கு ஆர் அண்ணை இருக்கப்போறது? உங்கடை உண்மை என்ரை பிள்ளைக்குச் சோறு போடுமோ?"

 அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார், திரும்பவும் போட்டார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். எழுதவில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு அவ போய்விட்டா. எனக்கு இரண்டு பேருடைய கதையும் சரி என்றே பட்டது. அதுதான் அந்தக் காலத்தின் கேடு. ஆரும் பிழை விடாமலே ஆட்கள் அழிந்துபோனார்கள்.

அவருடைய மனைவிகூடச் சொல்லிப் பார்த்தா. மில்லுக்கார அக்காவிடம்தான் அவவும் மா அரைப்பது, இரண்டு பேரும் நல்ல ஒட்டு. பிள்ளைகள் இல்லாத வீடு அவர்களுடையது. சந்தைக்கு வந்தால் எங்கள் கந்தோருக்கும் ஏறி, தான் போட்ட மோர்மிளகாயில் ஒரு கடதாசிச் சரை எனக்குத் தந்துவிட்டுப் போவா. எழுதிக் குடுக்கச் சொல்லி இரவிரவாகச் சண்டை பிடித்தேன், மனிசன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதா. இப்படி ஒருவரோடு எப்படி அக்கா இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். என் கிணற்றுக் கோபமும் அதில் இருந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தா. "கறி நல்லாயில்லை எண்டால் நல்லாயில்லை எண்டுதான் சொல்லுவார் பிள்ளை. அதாலை, நல்லாயிருக்கு எண்டு அவர் சொல்லுற அண்டைக்கு எனக்கு வயிறு நிறைஞ்சுபோம்."

மில் நின்றது. எஞ்சினைத் தென்மராட்சியில் ஆரோ தோட்டத்துக்கு இறைக்க வாங்கிக்கொண்டு போனார்கள். மில்லுக்கார அக்கா மகளோடு, நேவி சுடுகிற கிளாலிக் கடலால் படகேறி வவுனியாப் பக்கம் போய்விட்டா என்று கேள்விப்பட்டோம். சேர்ந்தார்களா என்று தெரியாது. சனங்கள் இவரை விசரன் என்று பகிரங்கமாகவே சொல்லத் தொடங்கினார்கள். அளக்கப் போன வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாரும் இல்லாமல் போயிற்று.

தொண்ணூற்றைந்தில் பேச்சுவார்த்தை முறிந்து திரும்பவும் அடி தொடங்கிய சித்திரையில், பகல் வேளையில், அவருடைய வீட்டில் ஷெல் விழுந்தது. அவர் கந்தோரில் இருந்தார். சத்தம் எங்களுக்கும் கேட்டது. எந்தப் பக்கம் என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடிவந்தார். அவருடைய மனைவி முற்றத்தில் நின்றிருக்கிறா. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் வேலைக்கு வந்தார். நேரே போய் அலுமாரியைத் திறந்து, நிலுவையில் கிடந்த நீக்கல் படிவங்களை அள்ளி வந்து மேசையில் வைத்தார். பேனையை எடுத்தார். ஷெல் என்று முன்பு தானே எழுதியதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே புயல் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். எங்கள் கந்தோரில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செயலாளருக்கு ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் பயம், தானே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இவர் அதைக் குடித்தார். மில்லுக்கார அக்காவின் படிவம் கைக்கு வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ ஊரை விட்டுப் போயிட்டா ஐயா என்றேன். தலையாட்டிவிட்டு அதிலும் புயல் என்று எழுதினார்.

எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ வருடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரிடம் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது, ஊரில் கடைசியாக நின்ற ஒரு சுவரும் விழுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. கொஞ்ச மாதத்தில், ஐப்பசிக் கடைசியில், ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுக்க ஊரை விட்டுச் செம்மணி வெளியால் நடந்து போனது. அந்தச் சனத்துக்குள் அவரைக் கண்டவர் ஒருவரையும் நான் பிறகு சந்திக்கவில்லை. எனக்கு அவருடைய கடைசி ஞாபகம் கந்தோரில் அந்தப் பின்னேரம்தான்.

மற்றப் படிவங்கள் முடிந்தபின் எழுந்து என் மேசைக்கு வந்தார். விண்ணப்பிக்க வருகிற சனங்கள் இருக்கிற வாங்கில் உட்கார்ந்தார். தன் வீட்டைத் தானே பரிசோதித்துக் கையெழுத்து வைக்க முடியாது, நீர் நிரப்பும் பிள்ளை, செயலாளர் அத்தாட்சி வைக்கட்டும் என்றார். நான் புதுப் படிவம் ஒன்றை எடுத்துப் பெயரையும் விலாசத்தையும் அவரைக் கேட்காமலே எழுதினேன். காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனை நின்றுவிட்டது.

"மற்றவைக்குப் போட்டதைப் போடும்" என்றார்.

போட்டேன். அதற்குக் கீழே, அனர்த்தம் நிகழ்ந்த திகதி என்று இருந்தது. எனக்கு அந்தத் திகதி தெரியும், ஆனால் கேட்காமல் எழுதக் கை வரவில்லை. திகதி ஐயா என்றேன். சொன்னார். நான் எழுதத் தொடங்கும்போது படிவத்தின் மேல் கையை வைத்தார், புயல் என்று நான் எழுதியிருந்த இடத்தில்.

"அண்டைக்கு நல்ல வெயில் பிள்ளை. ஒரு பொட்டுக் காத்து இல்லை. அவ மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ."

கையை எடுத்தார். நான் திகதியை எழுதினேன்.